மியூட்டில் இருந்தேன்

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறையைச் சொன்னால்தானே மனிதன் வளர முடியும்.

எனக்கு அது போன மாதம்தான் புரிந்தது. நாவலூரில் எங்கள் கம்பெனி மேனேஜர்களுக்கு ஒரு தலைமைப் பயிற்சி நடத்தியது. நம் கண்ணுக்குத் தெரியாத குறை நம்மோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அவர்களிடமே கேளுங்கள் என்றார் பயிற்சியாளர். கேட்டேன். என் டீமில் மூன்று பேர். சக்திவேலும் நிகிலும், "உங்களுக்கு என்ன சார் குறை" என்று சிரித்து மழுப்பினார்கள். ஜெரூஷா மட்டும் சொன்னாள்.

"யாரு பேசினாலும் நீங்க காது குடுத்துக் கேக்கறதே இல்ல சார். பாதியிலயே நீங்க பேச ஆரம்பிச்சிடறீங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும்" என்று அவள் முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். அங்கேயே எனக்கு உறைத்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. திருந்த முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மூன்று பேரையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். எங்கள் தளத்தில் அன்று யாரும் இருக்கமாட்டார்கள். மீட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது, சத்தமும் வெளியே போகாது. கவனம் சிதறக் கூடாது என்று செல்ஃபோன்களையும் பைகளையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். உள்ளே தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட், முறுக்கு எல்லாம் வைத்திருந்தேன். நான் இரக்கமில்லாதவன் இல்லை. பிறகு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

அந்த அறை மேஜையில் ஒரு ஸ்பீக்கர் ஃபோன் உண்டு. அதற்கு அழைப்பு வரும், அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது. என் செல்லிலிருந்து அதற்குப் பேசினேன். "மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றேன். குறுக்கே பேசிவிடுவேனோ என்று பயந்து என் பக்கத்தை மியூட்டில் போட்டேன்.

காரில் சேலையூர் வரும்வரை கேட்டேன். முதலில் சிரித்தார்கள். மேடவாக்கம் தாண்டும்போது சக்திவேல் கெட்ட வார்த்தையில் திட்டினான். எவ்வளவு மனம் திறந்த பேச்சு.

வீட்டில் ஸ்பீக்கரில் வைத்தேன். சுப்ரஜா, என் மனைவி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு அழறா?"

"ஆபீஸ் கால்."

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படி உக்காந்து கேட்டிருக்கேளா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அவள் குறைகளைக் கேட்பதை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நிகிலுக்கு வீசிங் இருப்பது அன்று மாலைதான் எனக்குத் தெரியும். என்னிடம் அவன் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம். "சார், அவன் இன்ஹேலர் பையில இருக்கு. கதவை மட்டும் தொறங்க சார்" என்று ஜெரூஷா சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் அவன் மூச்சு இழுப்பது தெளிவாகக் கேட்டது. என் கை மியூட் பட்டன்வரை போனது. கட்டுப்படுத்திக்கொண்டேன். கேட்பது வேறு, உடனே பதில் சொல்லத் துடிப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை அந்த இழுப்புச் சத்தம் நின்றது. சக்திவேல் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து ஜெரூஷா ஃபோனருகே வந்து, "சார், நீங்க நல்லா கேக்கறீங்க. ஒத்துக்கறேன். போதும் சார்" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் பாராட்டுக்கு மயங்கி நிறுத்துகிறவன் தலைவன் இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் நேரத்துக்குச் சரியாகப் போய்க் கதவைத் திறந்தேன். சக்திவேல் என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். ஜெரூஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். நிகிலின் தலை அவள் மடியில் இருந்தது. ஆமாம் சார், உயிர் இல்லை. அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம்தான், நல்ல பையன்.

ஜெரூஷாவின் எதிரில் நானும் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"இப்ப சொல்லும்மா. என்கிட்ட இன்னும் ஏதாவது குறை இருக்கா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் காத்திருந்தேன், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல். அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, சார்.