எதிர்வீட்டு வைஃபையும் என் மோரும்

மோருல இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கணும் சார். பெருங்காயம் வாசனைக்குதான். வருஷா வருஷம் கருட சேவை அன்னைக்கு எங்க வாசல்ல மோர்ப் பந்தல் போடறது நான். ராஜகோபால் வீட்டு மோர்னா ஓரிக்கை வரைக்கும் தெரியும்.

இந்த வருஷம் எதிர்வீட்டு ஜெபகுமார் ஒரு வேலை பண்ணான். அன்னைக்குக் காஞ்சிபுரத்துல இருக்கிற கூட்டத்துக்கு செல்லுல டவரே கிடைக்காது. ஜனங்க சாமி வீடியோ அனுப்ப முடியாம தவிக்குதேன்னு, வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டை எடுத்துட்டு, 'இலவசம், வாங்க'ன்னு கதவுல அட்டை மாட்டிட்டான். நல்ல பையன்தான், நான் இல்லேங்கல. ஆனா மொத்த ஜனமும் அவன் வாசல்ல குனிஞ்ச தலை நிமிராம நின்னுக்கினு இருக்குது. என் அண்டா ததும்பிக்கினு கிடக்குது. ஒருத்தன் டம்ளரை வாங்கி, குடிக்காம ஓரமா வெச்சுட்டு, செல்லைப் பார்த்தான். வயிறு எரிஞ்சுது சார்.

அவன்கிட்ட முறையாதான் சொன்னேன். "தம்பி, என் மோரைக் குடிச்சு எவனாவது வாந்தியெடுத்தா போலீசு என்னைத்தான பிடிக்கும்? உன் நெட்டுல எவனாவது ஏடாகூடமா பண்ணா நீதான மாட்டுவே?"

அவன் சிரிச்சான். "சாமி பார்க்க வந்தவங்க என்னாண்ணா பண்ணிடப் போறாங்க, விடுங்க."

அவனுக்குப் புரியணும்னுதான், அவன் வைஃபையிலயே, கோயில்ல குண்டு இருக்குதுன்னு உங்க போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு மெயில் போட்டேன். நீங்க வந்து அவனை ஒரு அதட்டு அதட்டி, பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன். ஜனங்களை ஓடச் சொல்லி நான் சொல்லல. நெரிசல்ல அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்களை விசாரிச்சேன். அதுல ஒருத்தரும் என் மோரைக் குடிச்சவங்க இல்ல.

நெட்டு அவன் பேருல இருக்குதுன்னு அவனைக் கூட்டிக்கினு போனீங்க. நான் சொன்னதுதான் நடந்துச்சு. அவனுக்குக் கம்பெனி பஸ் ஓட்டற வேலையும் போயிடுச்சாம்.

இப்ப என் செல்லு உங்க கையில இருக்குது. மெயில் நான் போட்டதுதான், மறைக்கல. ஆனா நான் நியாயம் தெரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க. போன வாரம் அவன் பொண்டாட்டி எஸ்தர் அழுதுக்கினு வந்துச்சு. "தெருவுல உங்களுக்குத்தாண்ணா மரியாதை. ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து போடுங்கண்ணா"ன்னு கேட்டுச்சு. பார்க்கவே எனக்குக் கஷ்டமா பூடுச்சு. உட்கார வெச்சு, பக்குவமாதான் எடுத்துச் சொன்னேன்.

"இன்னொருத்தர் பண்ண தப்புக்கு நான் எப்படிம்மா பொறுப்பேத்துக்கறது?"