பழைய அளவு

மல்லாட்டையை அவிக்கும்போதே உப்புப் போட்டுவிட வேண்டும். இறக்கின பிறகு போட்டால் தோலோடு நின்றுவிடும், பருப்புக்குள் இறங்காது. எங்கள் சென்டருக்கு வருகிற பிள்ளைகள் சோற்றைத் தொட மாட்டார்கள். மல்லாட்டை இருந்தால் மட்டும் பேசிக்கொண்டே கை போகும். அதனால் தினமும் அவித்து வைப்பேன். அன்றைக்கும் வைத்திருந்தேன். மேசை மேல் அவ்வளவு கடலைத் தோல் கிடந்ததே, யார் தின்றது என்று கேட்டீர்கள் இல்லையா, இன்ஸ்பெக்டர் ஐயா? நான்தான். கதவு ஏன் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்றும் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். எதையும் முதலில் இருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

என் பெயர் பாஞ்சாலி. ஒலக்கூர் பக்கம் ஊர், மல்லாட்டை விளைகிற சொந்தக் கொல்லை இருந்தது. பத்து வருஷமாகத் திண்டிவனத்தில் இந்தச் சென்டரில்தான் வேலை. போதை ஊசி போட்டுக்கொள்கிற பசங்கள் ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் எச்ஐவி வந்துவிடும். அதனால் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்போம். நோய் ஏற்கெனவே வந்தவர்களை விழுப்புரம் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுப்போம். ஊரில் எனக்கு ஊசிக்காரி என்று பெயர். ஒருத்தி குழாயடியில் கேட்டாள்:

"இன்னா பாஞ்சாலி, குடிகாரனுக்குக் கிளாஸ் கழுவிக் குடுக்கற மாதிரி இல்ல இருக்குது உன் வேல?"

"கழுவாத கிளாஸ்ல குடிச்சா இன்னொருத்தன் நோவும் சேந்து வரும்டி. அதான் கழுவறேன்."

அதோடு அவள் என்னிடம் பேசுவதில்லை. எனக்கும் அவளிடம் பேச ஒன்றும் இல்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கறார். காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. நேரம் தப்பக் கூடாது. எல்லாருடைய செல்போனிலும் மணி வைத்துக் கொடுத்திருக்கிறேன். மணி அடித்தால் வாயில் இருக்கிற பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். என் ஆட்களை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு சட்டம், ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது. யாருக்கு நோய் இருக்கிறது என்று பெண்டாட்டி கேட்டாலும், பெற்றவள் கேட்டாலும், சம்பந்தப்பட்டவரே சொன்னால்தான் உண்டு. எங்கள் பொறுப்பாளர் கோதண்டபாணி இதைச் சொல்லிக் கொடுத்தபோது நான் சண்டை போட்டேன். பிறகு அவரைவிட நான்தான் அதில் கெட்டி ஆனேன். கேட்டுப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து ஒரு பெயர் வெளியே போனது கிடையாது. இளவழகன் பெயரும் போகவில்லை.

ஏன் சண்டை போட்டேன் என்று சொல்கிறேன். எனக்கு ஒரு பெண் இருந்தாள், துர்கா. தொண்ணூற்று மூன்றில் அவளை ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்தோம். பம்பாய் வரைக்கும் ஓட்டிப் போனவன். அவனுக்கு நோய் இருப்பது அவனுக்கும் தெரியும், அவன் அண்ணன் சீனுவாசனுக்கும் தெரியும், ரத்தம் எடுத்த டாக்டருக்கும் தெரியும். நிச்சயத்தன்று நான் சீனுவாசனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், "பையனுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லியே?" என்று. "எல்லாம் பேசியாச்சுங்க, நீங்க வீணா பேஜாராவாதீங்க" என்றான். யாரிடம் பேசியாயிற்று என்று நான் கேட்கவில்லை. மூன்றே வருஷத்தில் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தான். அவனைக் கேட்பதற்கு எனக்கு ஒரு நாள்கூட மிச்சம் வைக்கவில்லை. அடுத்து துர்கா. குளிப்பாட்ட ஒருத்தியும் வரவில்லை. நானே குளிப்பாட்டினேன், நானே தலை வாரினேன். தீட்டு, தொற்று என்று வாசலில் நின்று பேசியவர்களைப் பார்த்து, உள்ளே வந்து பேசுங்கடி என்றேன். ஒருத்தியும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். பரிதாபப்பட்டு வரவில்லை.

இளவழகன் டயர் கடையில் வேலை பார்த்தான். என்னிடம் ஊசி வாங்கியவர்களில் ரொம்பப் பழைய ஆள். வாய் ஓயாது. சென்டரில் எல்லாரையும் நடித்துக் காட்டுவான். என்னை நடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, "டேய், முகாம்ல இருந்து வந்துகிறியா? ஒடம்பு மறந்துபோச்சுடா. பழைய அளவு போட்டா மூச்சு நின்னுபூடும். கால்வாசிகூட வேணாம். தனியா போடாத" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் கோரஸ் பாடுவார்கள். நான் தினம் சொல்கிற பாட்டுதான் அது. போதையை விடவைக்கிற முகாமில் ஒரு மாதம் இருந்து வந்தவனுக்குப் பழைய அளவைத் தாங்குகிற சக்தி இருக்காது. மூச்சு அடங்கினவனுக்கு வாயில் வாய் வைத்து ஊதவும் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சிலரைத் திருப்பியிருக்கிறேன். இளவழகனையே ஒரு முறை திருப்பியிருக்கிறேன்.

அவனுக்கும் நோய் இருந்தது. நான்தான் டெஸ்டுக்குக் கூட்டிப் போனேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஆனி மாதம் ஒரு நாள் வந்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

நான் சிரிக்கவில்லை. "பொண்ணு யாரு?"

"சங்கவின்னு பேரு. மரக்காணம் பக்கம், கடலோரம். அவங்கம்மா கருவாடு போடறாங்க. ஆவணியில மயிலம் கோயில்ல வச்சிக்கலாம்னு இருக்கோம். அதுக்குள்ள விழுப்புரம் முகாமுக்குப் போய் ஊசிய விட்டுட்டு வந்துடறேன்."

"உன் சமாச்சாரம் அதுக்குத் தெரியுமா?"

"எல்லாம் பேசியாச்சும்மா."

அதே சொல். நான் கையில் இருந்த ஊசிப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எல்லாம்னா? ரத்தம் டெஸ்ட் எடுத்தமே, அது?"

"அதுந்தான்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிச்சு? எந்த ஊர்லடா இருக்குது அப்பிடி ஒரு பொண்ணு?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு மேல கேக்காதீங்கம்மா. அது அவளோட விஷயம். அடுத்தவங்க விஷயத்துல வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்னேன்தான். நான் சொன்னதையே எடுத்து எனக்கு முன்னால் திரையாகக் கட்டுகிறான் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

அவன் முகாமில் இருந்த சமயம், முதல் பஸ்ஸில் மரக்காணம் போனேன். சொல்லப் போகவில்லை. சட்டம் சட்டம்தான். கருவாடு வாங்குகிறவள் மாதிரி பார்க்கப் போனேன், அவ்வளவுதான். அந்தப் பெண் மணலில் பாய் விரித்துக் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரீமா, திண்டிவனத்துல இருந்தா வர்றீங்க? அங்க கருவாடே இல்லியா?"

"அங்க விக்கிறதுல பாதி மண்ணுமா."

"இங்கியும் மண்ணுதான். ஆனா கடல் மண்ணு" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வாயைப் புறங்கையால் மூடுவாள். துர்காவும் அப்படித்தான்.

"ஆவணியில கல்யாணமாமே? பஸ்ஸுல பேசிகினாங்க. மாப்பிள்ளைய நல்லா விசாரிச்சீங்களா?"

"அவரு எங்கிட்ட எதையும் மறைக்கல பெரீமா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"நானும் மறைக்கல" என்றாள். நடுவில் ஒரு முறை வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது ரெண்டு கருவாடு சேர்த்துப் போட்டாள். "கல்யாணத்துக்கு வாங்க" என்றாள். யார் என்றே தெரியாத என்னைப் போய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். சொன்னால் சட்டத்தை மீறியவள் ஆவேன். சொல்லாவிட்டால் சீனுவாசன் ஆவேன். இரண்டும் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்றாவது வழி எது என்று அப்போது தெரியாது. அது தானாக நடந்து வந்தது.

ஆடி முடிகிற சமயம். கோதண்டபாணி விழுப்புரத்துக்கு மீட்டிங் போயிருந்தார். மத்தியானம் இளவழகன் வந்தான். முகாம் முடிந்து வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"எங்கண்ணன் வர மாட்டானாம்மா. ஊசிக்காரன் கல்யாணத்துக்கு எவன் வருவான்னு கடையில எல்லார் எதிருக்கயும் கேட்டான். எனக்குத் தாங்கல. ஒரே ஒரு தபா. அப்புறம் தொடவே மாட்டேன். புது ஊசி ஒண்ணு குடுங்க."

கேட்டவனுக்குக் கொடுக்க வேண்டும், உபதேசம் கூடாது. அதுவும் சட்டம். கொடுத்தேன். ஆனால் சென்டருக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது. அதை மட்டும் மீறினேன். "வெயில்ல எங்க போவ, பின்ரூம்ல ஒக்காந்துக்கோ" என்றேன். நான் செய்த தப்பு அதுதான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்.

அவன் போகாமல் நின்றான். என் முகத்தையே பார்த்தான்.

"இன்னாம்மா, இன்னிக்குப் பாட்டு பாடலியா?"

"உனக்குத் தெரியாததா."

"பழைய அளவு போட்டா மூச்சு நின்னுபூடும்" என்று என் குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தான். பிறகு, சிரிக்காமல், "நெசமாவே எவ்ளோம்மா போடலாம்?" என்றான்.

"முகாம்ல நல்லாத்தான தேத்தி அனுப்பியிருக்காங்க. எப்பவும் போடறதுதான்" என்றேன்.

அவன் என்னை நம்பினான். அவனை வேறு யாரும் நம்பவில்லை, அவனும் வேறு யாரையும் நம்பியதில்லை. அது எனக்குத் தெரியும்.

வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். யாராவது வந்தால் தொந்தரவு. மல்லாட்டைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்ரூம் நிலைக்குப் பக்கத்து மேசையடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். தலை மெல்லத் தொங்கியது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், தெரியாதவர்கள் தூங்குகிறான் என்பார்கள். எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் நேரம் இருக்கிறது. எழுந்து ரெண்டு அடி வைத்தால் போதும். நான் உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். உப்பு சரியாக இருந்தது.

அவன் செல்போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை, சத்தம் தாங்காமல் போய் எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க? அண்ணன் பேசினத நெனச்சிகினு எங்கியும் பூடாதீங்க" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"தூங்கறான்மா. எழுப்ப வேணாம்" என்று சொல்லி வைத்தேன்.

கருவாடு வாங்க வந்த பெரியம்மாவின் குரல் என்று அவள் உங்களிடம் சொன்னாளாமே. காது நல்ல கூர்மை.

கோதண்டபாணி வந்து கதவைத் தட்டியபோது குறட்டை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் ஓடி வந்து அவன் வாயில் ஊதினார், நெஞ்சில் அழுத்தினார். "அக்கா, நீங்க இருந்துமா? நீங்க இருந்துமா?" என்று அதையே கேட்டார். நான் தோலைக் கூட்டி அள்ளக்கூட மறந்துபோனேன்.

மறுநாள் மரக்காணத்தில் எங்களை மாதிரியே வேலை பார்க்கிற ஆர்த்தி வந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். சங்கவிக்கும் நோய் இருக்கிறதாம். சின்ன வயதில் கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, புருஷன் செத்து, நோயோடு திரும்பி வந்தவளாம். நோய் உள்ளவர்கள் கூடுகிற கூட்டத்தில் ஆர்த்திதான் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தாளாம். அவன் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறான். அவளும் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆர்த்தி சட்டத்தைக் காப்பாற்றினாள். இளவழகனும் காப்பாற்றினான். செத்துப்போகிறவரைக்கும் அந்தப் பெண்ணின் விஷயத்தை என்னிடம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. நான்தான் பழக்கினேன்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம், ஐயா. நான் அழ மாட்டேன். கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஒரு பெண்ணைக் காப்பாற்ற நினைத்தேன். என் பெண்ணுக்கு யாரும் செய்யாததை யார் பெற்ற பெண்ணுக்கோ செய்தேன். சொல்லாமல் வைத்தது அவர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மயிலத்துக்கு முதல் ஆளாய்ப் போய் அட்சதை போட்டிருப்பேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். துக்கத்தில் மாத்திரையை விட்டுவிடப் போகிறாள். நான் கருவாடு வாங்கப் போன அன்றைக்குக் காலையில் செல்போன் மணி அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாளே, அதே மாதிரி எட்டு மணி தவறாமல் போடட்டும்.