தவசிமுத்துவோட நேரான காலு

முந்தி முந்தி ஒரு காலத்துல, எப்பன்னு கேக்காதீய, எங்க அப்பனுக்கே தெரியாது, தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்கு மேக்க, இதே செங்குழிவிளையில தவசிமுத்துன்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க பூட்டனுக்கு அப்பன். பொறக்கும்போதே ரெண்டு காலும் உள்ளுக்குத் திரும்பிப் பொறந்தவராம். உள்ளங்காலு ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்குமாம். தரையில நடந்தா பாதத்தோட வெளி ஓரந்தான் ஊணும். அவரு நாலு எட்டு வைக்கதுக்குள்ள நாம கடைக்குப் போயிட்டு வந்துரலாம்.

ஆனா பனையில? ஏயப்பா! நம்மள்லாம் காலத் திருப்பித் திருப்பி வச்சு ஏறணும். அவருக்கு சாமியே திருப்பி வச்சில்லா அனுப்பிருக்கு! தளைநார் தெரியும்லா, ரெண்டு பாதத்தையும் சேத்து மாட்டுற நார் வளையம், அத மாட்டுனாருன்னா விறுவிறுன்னு ஏறி, பாளையச் சீவி, பதனிய எறக்கி, அடுத்த மரத்துக்குப் போயிருவாராம். மத்தவன் அப்பந்தான் மொத மரத்துல பாதியில நிப்பானாம்.

இந்த மனுசனுக்கு அன்னக்கனின்னு ஒரு பொண்ணு மேல ஆசை. அவளுக்கும் இவரு மேல ஆசைதான். பொண்ணு கேட்டுப் போனா, அவ அப்பன் ஆதிலிங்கம் ஊரு கூடியிருக்கையில சிரிக்கானாம். "கோணக்காலனுக்கா எம்புள்ள? கால நேராக்கிட்டு வாரச் சொல்லுங்கவே, அன்னைக்கே தாரேன்!" நடக்காத காரியம்லா, அந்தத் தைரியத்துல சொல்லிட்டான் பாவி.

டவுனுல ஒரு ஆஸ்பத்திரியில வெள்ளைக்கார டாக்டரு இருந்தாராம். தமிழு பேசுவாராம். பதனிக் காலம் முடிஞ்சதும் தவசிமுத்து மாட்டு வண்டி புடிச்சு அங்க போயிட்டாரு. டாக்டரு காலத் தடவிப் பாத்துட்டுக் கேட்டாராம், "என்ன வேல பாக்க?"

இங்கதான் மக்கா புத்தி கெட்டுப்போச்சு. பனையேறின்னு சொன்னா, கள்ளு எறக்குறவன்னு விரட்டிருவாவளோன்னு பயம். "உப்பளத்துல வேல அய்யா"ன்னு சொல்லிட்டாரு. அந்த ஒரு பொய்தான்!

"நாள் பூரா நிக்குற வேலையா? அப்ப பாதம் தரையில நல்லாப் பதியணும். எலும்ப வெட்டி, நேரா வச்சு ஒட்ட வைக்கணும். ஒட்டுனப்புறம் பாதம் உள்ளுக்கும் வெளிக்கும் திரும்பாது. சம்மதமா?"

"சம்மதம் அய்யா."

வெட்டுனாவளாம்! உசுரோட கெடக்க மனுசன் கால் எலும்ப வெட்டுனாவளாம்! பொறவு மாவுக்கட்டுப் போட்டு மாசக்கணக்கா படுக்கப் போட்டாவ. கட்ட அவுத்துட்டு ரெண்டு கம்புக்கு நடுவுல புடிச்சு நடக்கச் சொன்னாவ. ஒரு எட்டு வச்சாரு, 'ஆ'ன்னு ஒரே அலறல். நர்சம்மா ஓடியாந்து, "வலிக்காய்யா?"ன்னு கேட்டா. "இல்லம்மா! குதிகாலு தரையத் தொடுதும்மா!"ன்னு தேம்பித் தேம்பி அழுதாராம். அதுவரைக்கும் தொட்டதே இல்லல்லா.

ஊருக்குள்ள நேரா நடந்து வாராரு! புள்ளையெல்லாம் பேயின்னு பயந்து வீட்டுக்குள்ள ஓடிட்டு. ஊரு முன்னால சொன்ன சொல்லுலா, ஆதிலிங்கம் எங்க போவான்? கல்யாணம் முடிஞ்சுது.

அந்த வருசப் பாளையும் வந்துது. தவசிமுத்து தளைநார மாட்டி மரத்தக் கட்டிப் புடிக்காரு. காலு திரும்ப மாட்டேங்கு! சறுக்கி விழுதாரு. மறுபடி புடிக்காரு, மறுபடி சறுக்குது. நெஞ்செல்லாம் செராய்ச்சு ரத்தம். எந்தக் காலுக்காக பொண்ணு கெடச்சுதோ, அந்தக் காலு பொண்ணுக்குக் கஞ்சி ஊத்தாது போலிருக்கே! பாளைய தெனமும் சீவணும் மக்கா. விட்டா சீவுன வாய் அடைச்சுப் பதனி நின்னு போகும், வருசம் பூரா பட்டினிதான்.

மனுசன் டவுனுக்கு ஓடுனாரு. ஆமா, அந்த நேரான காலாலதான் ஓடுனாரு! டாக்டரு கையப் புடிச்சுக்கிட்டு, "அய்யா, பழையபடி கோணலா வச்சிருங்கய்யா!"ங்காரு.

டாக்டரு அப்படியே நாக்காலியில உக்காந்துட்டாராம். "உப்பளம்னுதான சொன்ன?"

"பொய் சொல்லிட்டேன்யா. நான் பனையேறி."

"அடப்பாவி! ஒட்டுன எலும்ப இனி ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. முன்னயே சொல்லிருக்கக் கூடாதா?" அவருக்கும் கண்ணு கலங்கிட்டாம்.

தவசிமுத்து திரும்பி வந்தா, பனங்காட்டுல ஊரே நிக்கி. பொம்பளைய வாயில கைய வச்சிருக்காவ. ஆம்பளைய தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கானுவ, மேல பாக்கக் கூடாதுல்லா. இவரு மேல பாத்தாரு. மரத்து உச்சியில அன்னக்கனி! சேலைய வரிஞ்சு கட்டி, இவரு தளைநார மாட்டி, பாளையச் சீவிக்கிட்டு இருக்கா!

கீழ நின்னு ஆதிலிங்கம் கத்துதான். "எறங்குட்டி மூதேவி! பொம்பள பனையேறுனா ஊரு வெளங்குமா? மானத்த வாங்குதியே!"

மேல இருந்து அவ கேட்டாளாம். "நேரான காலு வேணும்னு கேட்டது நீங்கதானப்பா? நேராக்கிட்டு வந்துட்டாருலா? இப்ப நான் எறங்குதேன், நீங்க ஏறுதியளா?"

கேட்டுட்டு அடுத்த பாளையச் சீவ ஆரம்பிச்சுட்டாளாம்.

எல்லாஞ் சீவி முடிச்சுட்டுத்தான் அவ எறங்குனா. காலெல்லாம் தோலு கிழிஞ்சு தொங்குது. தவசிமுத்து அந்தக் கால மடியில வச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதாரு. பொறவு பதனிப் பானையத் தூக்கித் தலையில வச்சு, ஒரு சொட்டு சிந்தாம கருப்பட்டி காய்ச்சுற எடத்துக்கு நேரா நடந்தாராம். அன்னையில இருந்து அவ ஏற, இவரு செமக்க, எங்க வம்சமே அப்படித்தான் வளந்துச்சு.

அவதான் முந்திச் செத்தா. எளவு வீட்டுல கால் பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டணும்லா, அதுக்குத் துணி கிழிச்சாவ. தவசிமுத்து, "துணி வேண்டாம்"ன்னுட்டு உள்ள போயி அந்தத் தளைநாரக் கொண்டாந்தாராம். அதப் பிரிச்சு, தன் கையால அவ வெரலுல சுத்திக் கட்டிட்டுக் கேட்டாராம். "மேலோகம் போற இந்த மரத்துலயும் நீயேதான் ஏறுதியா அன்னம்? நான் கீழயே நிக்கணுமா?"

அன்னையில இருந்துதான் செங்குழிவிளையில யாரு செத்தாலும், ஆணோ பொண்ணோ, பெருவெரல துணியால கட்ட மாட்டோம். தளைநாருதான். வெளியூருக்காரன் எளவுக்கு வந்தா பதறிப்போயிக் கேப்பான், "என்னவே இது, பொணத்தப் பனையில ஏத்தவா போறீய?"ன்னு.

ஆமாவேன்னுதான் சொல்லுவோம்.