விளிம்பில் வைத்த மணல்

மணலில் வெகுநேரம் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஐயா. என் மைத்துனனுக்கு அது தெரியும். தெரிந்தும், வாராவாரம் கடற்கரையில் அவன் பட்டப் பையை என் மடியில்தான் கவிழ்ப்பான்.

ஆளையே தரதரவென்று இழுத்துப்போகும் ராட்சதப் பட்டம் அது. இழுக்க இரண்டு கயிறு, அடக்க இரண்டு பிரேக் கயிறு. விட்டு முடித்ததும் கைப்பிடியில் ஒழுங்காகச் சுற்றினால் சிக்கே விழாது. அவன் நாலையும் சுருட்டிப் பைக்குள் திணிப்பான். "நீங்க இருக்கீங்களே அத்தான், எனக்கென்ன கவலை," என்பான். என் மனைவியும் தம்பியோடு சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டேன்.

அன்று நல்ல காற்று. பட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, விளிம்பு நெடுக மணலை அள்ளி வைத்தேன். பிரேக் கயிறுகளைத் தரையில் அடித்த முளையில் மாட்டினேன். இப்படிக் கட்டிப்போட்டால் அது எழாது. பிறகு சிக்கெடுக்க உட்கார்ந்தேன். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகும். தளர்த்தித் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். அவன் குடையடியில் குறட்டை விட்டான். நகக்கண் எரிய எரிய, ஒருவழியாக நாலு கயிறும் நேராகக் கிடந்தன.

அவன் எழுந்து, போனில் பேசிக்கொண்டே அவற்றின் நடுவே நடந்து வந்தான். எல்லாம் மறுபடி குழம்பிற்று. இழுப்புக் கயிறு ஒன்று கணுக்காலில் சுற்றிக்கொண்டது.

"திரும்ப சிக்கிடுச்சே. கொஞ்சம் எடுத்து விடுங்க அத்தான்," என்று காலை நீட்டினான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இரு, வரேன்," என்றேன்.

முளையிலிருந்து பிரேக் கயிறுகளைக் கழற்றினேன். அப்புறம் விளிம்பு மணலைத் தள்ளினேன். துணி கிழியக்கூடாதே என்று கையால்தான் தள்ளினேன்.

பட்டம் அவனை அலைதடுப்புப் பாறைவரை இழுத்துப்போய், அங்கே மாட்டி அடங்கியது. நான் போனபோது உயிர் இருந்தது. "அத்தான்" என்று தெளிவாகவே கூப்பிட்டான். என் சட்டைப் பையில் போன் இருந்தது. ஆனால் கயிறு நனைந்திருந்தது. காய்ந்தால் முடிச்சு இறுகிவிடும். அதனால் முதலில் சிக்கெடுக்க உட்கார்ந்தேன். நாலையும் கைப்பிடியில் சுற்றி முடித்தபோது அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே வராது, ஐயா. வேண்டுமானால் அவன் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.