முதலில் தண்ணீர், அப்புறம் சுவிட்ச்

வாழைப்பழத் தோலை அந்த மிஷினில் போடக் கூடாது. நார் சுற்றிக்கொள்ளும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம். உங்கள் வீட்டு சிங்க்குக்கு அடியிலும் நாளைக்கே குப்பை அரைக்கிற மிஷின் ஒன்று வரலாம், அப்போது சொல்லித்தர நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

பொருத்த வந்த பிளம்பர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். முதலில் பச்சைத் தண்ணீரைத் திறக்க வேண்டும். அப்புறம்தான் சுவிட்ச். அதற்கும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பை. மிஷினை நிறுத்திய பிறகும் தண்ணீர் சற்று ஓட வேண்டும். எண்ணெய், எலும்பு, வெங்காயச் சருகு, இந்தப் பேச்சே கூடாது. என் கணவர் அப்போது முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு என் நாத்தனார் வந்தாள். புருஷனோடு கோபித்துக்கொண்டு நாலு நாள் தங்க வந்தவள். அந்த நாலு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. பார்லரில் முடி வெட்டுகிறாள். கைராசிக்காரி என்று பேர். அவள்தான் வெட்ட வேண்டும் என்று ஆட்கள் காத்துக்கிடப்பார்களாம். சொந்தமாகப் பார்லர் வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி வந்த வேகத்தில் மிஷினுக்குள் கோழி எலும்பைப் போட்டாள். மறுநாள் வாழைப்பழத் தோல். இன்னொரு நாள் பொரித்த எண்ணெயை அப்படியே கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் எடுத்துச் சொன்னால் என் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"தெரியாம போட்டுட்டா, விடேன். உனக்கு வேற வேலையே இல்லையா?"

உண்மையிலேயே இல்லை, மேடம். அவர் என்னிடம் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அதுதான்.

ஆகவே நான் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு மகாராணி எதைப் போடப் போகிறாளோ என்று காலையில் எழும்போதே ஒரு சுறுசுறுப்பு வரும். அவளும் எதிர்த்துப் பேச மாட்டாள். "சரி அண்ணி, இனிமே பாத்துப் போடறேன்" என்பாள். நான் அதை நம்பியதே இல்லை.

அங்கேதான் ஏமாந்தேன். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். தண்ணீரைத் திறந்தாள், சுவிட்சைப் போட்டாள், ஒவ்வொரு பிடியாகத் தள்ளினாள். எலும்பைத் தனியாக எடுத்து வைத்தாள். போதாக்குறைக்கு, ஐஸ் கட்டியும் எலுமிச்சைத் தோலும் போட்டு அரைத்தால் வாடை போய்விடும் என்று என்னிடமே சொன்னாள். என்னிடம். போட்டுப் பார்த்தேன், வாடை போய்த்தான் தொலைந்தது. என் கணவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். "பாத்தியா? உன்னவிட அவ நல்லா பண்றா" என்றார். டிவியை அணைத்துவிட்டு, மேடம்.

கரண்டி கை தவறி விழுந்தது என்று முதலில் சொன்னேன். நீங்களும் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். நான் போட்டேன் என்று திருத்திக்கொள்ளுங்கள். மிஷின் அப்போது ஓடவில்லை. கரண்டி உள்ளே போய்விட்டதே என்று புலம்பினேன். அவள் உடனே வந்து இடுக்கியைத் தேடினாள். சரியான முறை அதுதான், குறை சொல்ல முடியாது. இடுக்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. வைத்தவள் நான்.

"கையாலயே எடுத்துடும்மா. நான் சுவிட்ச்கிட்டயே நிக்கறேன், யாரும் தொடாம பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னா எனக்கென்ன பயம், அண்ணி" என்றாள். வலது கையை உள்ளே விட்டாள்.

நான் முதலில் தண்ணீரைத் திறந்தேன். மணிக்கட்டில் தண்ணீர் பட்டதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அப்புறம் சுவிட்சைப் போட்டேன். நிறுத்திய பிறகும் தண்ணீரை ஓட விட்டேன்.

கட்டைவிரல் மட்டும் தப்பியது என்று டாக்டர் சொன்னாராம். அதை மட்டும் வைத்துக்கொண்டு கத்தரி பிடிக்க முடியாது, எனக்கும் தெரியும். ஏன் செய்தாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவள் எலும்பைப் போட்ட நாளில்கூட நான் அவளை ஒன்றும் செய்ததில்லை. யோசித்துப் பாருங்கள், அவள் மட்டும் கற்றுக்கொள்ளாமலே இருந்திருந்தால், இன்றைக்கும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு பத்து விரலோடும் சௌக்கியமாக இருந்திருப்பாள்.