யானை படுத்தாலும் தாங்கும்

— அசையாதீங்கண்ணே, அப்படியே இருங்க! ஏத்தா ஜெயப்பிரியா, ஓடியா! ஒங்கப்பா கட்டிலோட விழுந்துட்டாரு!

— கட்டிலோட இல்ல தங்கச்சி, கட்டிலுக்குள்ள. மேல மெத்தை கெடக்கு, கீழ நான் கெடக்கேன். என் மூக்குக்கண்ணாடி எங்க கெடக்குன்னுதான் தெரியல.

— ஐயையோ! என்னப்பா பண்ணுன?

— ஒண்ணும் பண்ணலத்தா. ஒன் மாமியாகிட்ட என் தொழில் தெறமையக் காட்டுனேன். ‘பொண்ணுக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்ச சீர்க்கட்டில், யானை படுத்தாலும் தாங்கும்’னு சொல்லிக்கிட்டே ஏறி ரெண்டு குதி குதிச்சேன். யானை வர்ற வரைக்கும் அதுக்குப் பொறுமை இல்ல.

— நான்தான் சொன்னேனேத்தா, ‘உள்ள துணி மலையாக் குமிஞ்சு கெடக்கு, போகாதீங்கண்ணே’ன்னு. கேட்டாத்தான?

— எங்க கேக்க? வெயில்லருந்து வந்த கண்ணு, உள்ள ஒரே இருட்டு. கட்டில் எது, துணி எதுன்னு தெரியல. குத்துமதிப்பாக் குதிச்சுட்டேன்.

— இந்த வயசுல எதுக்குப்பா குதிக்கிற?

— வாயால சொன்னா எவன் நம்புறான்? மலை மேல வடகவுஞ்சியில என் தச்சுப் பட்டறைக்கு வர்ற ஆளுகளுக்கெல்லாம் குதிச்சுத்தான் காட்டுறேன். ஒருநாளும் ஒடஞ்சதில்ல. ஒருத்தனும் வாங்குனதும் இல்ல, அது வேற கதை.

— கையக் குடுங்கண்ணே. முருகா! மெல்ல, மெல்ல. இடுப்புல அடியா?

— இடுப்பு இருக்கு தங்கச்சி. மானந்தான் எங்கயோ உருண்டு போச்சு.

— பிரியா, அப்பாவ ஹாலுக்குக் கூட்டிட்டுப் போ. நான் இந்தக் கதவச் சாத்திட்டு வர்றேன்.

— கதவ எதுக்குச் சாத்துறீங்க? கண்ணாடியத் தேடிக் குடுங்க. அப்படியே ஒடஞ்ச கட்டில் கால்ல ஒண்ண எடுத்துப் போடுங்க, எந்த மூட்டு விட்டுச்சுன்னு பாத்துருவோம்.

— அதெல்லாம் ஒண்ணும் பாக்க வேணாம். சம்பந்தி வீட்டுக்கு வந்துட்டு தச்சு வேலையா பாப்பாங்க? கண்ணாடிய நான் பெறகு தேடித் தர்றேன். நீங்க வந்து உக்காருங்க.

— எதுல உக்கார?

— இந்தா இருக்குல்லப்பா, பிளாஸ்டிக் சேரு.

— ஆகா, இதுல நம்பி உக்காரலாம். எம்பட்டறைக்கு வர்ற ஆளுக என் நாற்காலியத் தடவித் தடவிப் பாத்துட்டு, கடைசியில இதத்தான் வாங்குறாங்க. வீட்டுல நான் செஞ்ச நாற்காலி மேல ஒங்கம்மா தண்ணிக் கொடத்த வச்சிருக்கா. கொடத்துக்கு வாய் இல்ல, அதனால குத்தம் சொல்லல.

— சும்மா இருப்பா. முதுகக் காட்டு, தைலம் தேச்சு விடுறேன்.

— எது, போன மாசம் நான் மலையிலருந்து குடுத்துவிட்ட தைலமா?

— ஆமாப்பா.

— அப்ப வேணாம். கடையில வாங்குனது இருந்தா தேயி.

— அண்ணே, என்னண்ணே இப்படிப் பேசுறீங்க! ஒரு கட்டில் போனா என்ன? ஆள் பொழச்சது முருகன் புண்ணியம்.

— ஒங்களுக்கு அது ஒரு கட்டிலு. சொல்லப்போனா நான் இன்னைக்கு மலையெறங்கி வந்ததே அதப் பாக்கத்தான். பொண்ணப் பாக்க வந்தேன்னு நெனச்சிருப்பீங்க.

— அப்பா!

— கோவிச்சுக்காதத்தா, ஒன்னையுந்தான் பாக்க வந்தேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரிய ஷோரூம் வச்சிருக்காருல்ல, ஆண்டிச்சாமி?

— யாரு? ஆண்டிச்சாமியா?

— தெரியுமா தங்கச்சி?

— தெரியும்... தெரியும்னா, அந்தப் பக்கமாப் போறப்ப பாத்திருக்கேன். வாசல்ல பலூன் கட்டியிருப்பாங்க.

— அவரேதான். ‘தங்கமுத்து, ஒம்பட்டறையக் காலி பண்ணிட்டு அந்த எடத்துல எங்க கட்டிலு, பீரோவ வச்சு வில்லு, மலையில கவுஞ்சி, மன்னவனூரு வரைக்கும் நீதான் ஏஜெண்டு’ங்குறாரு. இன்னைக்கு மத்தியானம் போன் பண்ணுவாரு. ஆமாவா இல்லையா, ஒரே பேச்சு. சரின்னுட்டா அடுத்த வாரமே மெஷினத் தூக்கி வித்துருவேன்.

— பட்டறைய எடுக்கப் போறியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேப்பா!

— சொல்லத்தான் வந்தேன். யோசிச்சுப் பாத்தேன். நம்ம செஞ்ச சாமான்ல மலைய விட்டு எறங்குனது ஒரே ஒரு கட்டில். அது எப்படி இருக்குன்னு ஒங்க வீட்டுல கேப்போம். நல்லா இருக்குன்னா பட்டறை நிக்கட்டும், இல்லன்னா ஆண்டிச்சாமி. இதான் முடிவு. கேக்க வாயத் தொறக்குறதுக்குள்ள கட்டிலே பதில் சொல்லிருச்சு.

— அவசரப்படாதீங்கண்ணே. இந்தாங்க, காபியக் குடிங்க.

— குடிக்கிறேன். ஆனா கோளாறு என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஊருல மரம் எந்நேரமும் மேகத்துக்குள்ளயே கெடக்கு. அங்க மாட்டுன மூட்டு சம்மட்டியால அடிச்சாலும் கழலாது. அதையே பழனி வெயிலுக்கு எறக்குனா, காஞ்சு சுருங்கி, கெழவன் பல்லு மாதிரி ஆடும். அதுவும் சில்வர் ஓக்கு. காபித் தோட்டத்துல நெழலுக்குன்னு வளத்த மரம். தேக்குல செய்ய நமக்கு வசதி ஏது? தேக்குக் கட்டில் குடுத்திருந்தா மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்திருக்க முடியாது.

— மலையிலருந்து எறக்குனதெல்லாமா கெட்டுப்போகுது? ஒங்க பொண்ணு நல்லாத்தான இருக்கா.

— பொண்ண வளத்தது ஒங்க மதினி. கட்டில் மட்டுந்தான் நான் செஞ்சது.

— ஐயோ அப்பா...

— தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லுங்க. அது இன்னைக்குத்தான் ஒடஞ்சுதா, முன்னயே ஆடிக்கிட்டுக் கெடந்துச்சா?

— அது வந்து... கட்டில்னா கொஞ்சம் ஆடத்தாண்ணே செய்யும்.

— ஊஞ்சல்தான் ஆடும், கட்டில் ஏன் ஆடணும்? பிரியா, நீ சொல்லுத்தா. திரும்பிப் படுத்தா சத்தம் வருமா?

— வரும்ப்பா. கிரீச் கிரீச்சுன்னு வரும். ஆனா அது... அத்தை, நான் சொல்லட்டுமா?

— என்னத்தச் சொல்லப் போற? அடுப்புல பால் பொங்குது பாரு.

— பால இப்பத்தான் அத்தை எறக்கி வச்சேன்.

— எறக்கி வச்சத ஏத்தி வையி!

— சரி சரி, பிள்ளைய வெரட்டாதீங்க. மாமியாவும் மருமகளும் சேந்து ஒரு விசயத்த மறைக்கிறீங்கன்னா அந்தக் கட்டில் எந்த லெச்சணத்துல இருந்திருக்கும்! ஊருல கட்டில் ஒடஞ்சா வீடு ரெண்டுபடும். எங்கட்டில் ஒடஞ்சு ஒங்கள ஒத்துமையாக்கிருச்சு. அதுக்காவது ஒதவுச்சே.

— ஒங்க வாய்க்குப் பூட்டே கெடையாதாண்ணே?

— அது போகட்டும். தலைமாட்டுல ஒரு மயிலு செதுக்கியிருந்தேனே, அதுவும் போச்சா?

— மயிலுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. அப்படியே அழகா இருக்கு.

— கட்டிலே நொறுங்கிக் கெடக்கு, மயிலு மட்டும் எப்படித் தப்பிச்சுது?

— முருகன் வாகனம்லண்ணே.

— மயிலாவது ஒண்ணாவது. உளி வழுக்கி வழுக்கி அது கடைசியில நாட்டுக்கோழி ஆயிப்போச்சு.

— கோழின்னா என்ன? சேவலும் முருகனுக்குத்தான்.

— பழனிக்காரங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா! எதக் கொண்டாந்தாலும் சாமி கணக்குல சேத்துருவீங்க.

— அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பட்டறைய எடுக்காத.

— ஏன்த்தா?

— ஏன்னு கேக்காத. எடுக்காத, அவ்வளவுதான்.

— நீ சொன்னாச் செல்லாது. நீ எம்மக. நான் ஒரு பலகைய நாலு ஆணியில அடிச்சு ஊஞ்சல்னு தந்தப்பவும் கை தட்டுனவ நீயி. எனக்கு வேண்டியது வெளி ஆளு வாய்ச் சொல்லு.

— வெளி ஆளுக சொல்லாமயா இருப்பாங்க?

— அதான் தங்கச்சி எங்கஷ்டமே! வர்ற ஆளு கட்டிலத் தட்டிப் பாப்பான். ‘நல்லா இருக்குண்ணே’ம்பான். வெலையக் கேப்பான். ‘ஞாயமான வெலதான்’ம்பான். நல்லா இருக்கு, வெலையும் ஞாயம், பெறகு என்ன, வண்டியில ஏத்தவான்னு கேட்டா, ‘பாப்போம்ணே’ன்னு போயிருவான். மறுவாரம் அவன் வீட்டு வாசல்ல திண்டுக்கல்லுலருந்து வேன் வந்து நிக்கும். தவணைக்குத் தர்றாங்க, வீட்டுல வந்து மாட்டிக் குடுக்குறாங்க, கூட ரெண்டு தலகாணி இனாம். நான் தலகாணிக்கு எங்க போவேன்? எங்கிட்ட இனாமாக் கெடைக்கிறது மரத்தூளுதான்.

— அந்தச் சாமானெல்லாம் ரொம்ப நாளைக்கு ஒழைக்காதுப்பா. தண்ணி பட்டா பொரிமாவு மாதிரி உப்பிரும்.

— உப்புறதுக்குள்ள தவணை முடிஞ்சிருதுத்தா. சொல்லப்போனா எனக்கு யாரு மேலயும் கோவமில்ல. ‘தங்கமுத்து, ஒனக்கு இந்த வேலை வரல, விட்டுரு’ன்னு எவனாச்சும் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா எப்பவோ விட்டுருப்பேன். இல்ல, ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லிட்டு ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருந்தா, அத வச்சே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல கெடக்குறதுதான் தங்கச்சி ஆளக் கொல்லுது.

— அண்ணே... அப்படியெல்லாம் கலங்காதீங்க.

— கலங்கல. முதுகு வலிக்குது, அதான் கண்ணுல தண்ணி. சரி, ஆகவேண்டியதப் பாப்போம். பிள்ளைக தரையில படுக்கக் கூடாது. ஆண்டிச்சாமி கடையிலயே நல்லதா ஒரு கட்டில் எடுத்து, சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து எறக்கச் சொல்றேன். ஏஜெண்டு ஆனா கொறச்சுத் தருவாரு. ‘சம்பந்தி செஞ்ச சீரு நாலு மாசம் தாங்கல’ன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது.

— அத்தை! கேட்டீங்களா, கடன வாங்கியாவது கட்டில் வாங்குவாரு. இதுக்கு மேலயும் பேசாம இருந்தா எப்படி?

— இருத்தா. யோசிக்க விடு.

— இதுல யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி? ஏத்தா, என் போன் அடிக்குது பாரு. யாருன்னு பாத்துச் சொல்லு.

— ஆண்டிச்சாமி ஷோரூம்னு வருதுப்பா. எடுக்காதப்பா.

— எடுக்காம? கொண்டா இங்கிட்டு. வணக்கம் சார்... ஆமா சார், பழனியிலதான் இருக்கேன்... முடிவுதான? முடிவுக்கு வந்துட்டேன் சார். நானா வரல, கட்டில்தான் கீழ தள்ளிக் கொண்டாந்து விட்டுச்சு... ஒண்ணுமில்ல சார், வீட்டு விசயம்... அடுத்த வாரமே எடத்தக் காலி பண்ணி...

— அண்ணே, போன வைங்க.

— ஒரு நிமிசம் சார். என்ன தங்கச்சி?

— வைங்கண்ணே மொதல்ல! அந்த ஆளுகிட்ட ஆமான்னு சொல்லிறாதீங்க.

— சார், நான் பெறகு கூப்புடுறேன்... ஆமா சார், கூப்புடுறேன்... வச்சுட்டேன். சொல்லுங்க, என்ன?

— நீங்க ஒடச்சது ஒங்க கட்டில் இல்லண்ணே.

— என்னது?

— நீங்க இவ்வளவு நேரம் வஞ்சது பூராம் ஆண்டிச்சாமி கடைக் கட்டிலத்தான். மூணு மாசத்துக்கு முன்ன நாங்க போயி வாங்குனது.

— அப்ப நான் செஞ்சது? வந்த மொத மாசமே கழண்டு போச்சா? வெறகாக்கிட்டீங்களா? என்னன்னாலும் சொல்லுங்க தங்கச்சி, தாங்கிக்கிறேன்.

— இல்லப்பா, அது பத்திரமா அத்தை ரூம்ல...

— நீ இருத்தா, என் வாயாலயே சொல்லிர்றேன். கோயில் அடிவாரத்துல நம்ம கடையில நாள் பூராம் உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பு போச்சுண்ணே. எந்த மெத்தையில படுத்தாலும் பொட்டுத் தூக்கம் கெடையாது. பிள்ளைக மறுவீட்டுக்கு ஒங்க ஊருக்கு வந்தப்ப, ரூம் சும்மாதான கெடக்குன்னு ஒங்க கட்டில்ல செத்த நேரம் சாஞ்சேன். முழிச்சுப் பாத்தா விடிஞ்சிருக்கு. எம்மகன் கந்தவேலுதான், ‘நீயே படுத்துக்கம்மா, நாங்க வேற வாங்கிக்கிறோம்’னான். மருமக சீர்க்கட்டில மாமியா புடுங்கிக்கிட்டான்னு தெருவுல சிரிச்சுருவாங்கன்னுதான் இவ வாயக் கட்டி, கதவச் சாத்தி, ஒங்களையும் இம்புட்டு நேரம் தவிக்க விட்டேன். என்ன வையணுமோ வஞ்சுக்கங்கண்ணே, கேட்டுக்கிறேன். கட்டிலத் திருப்பி மட்டும் கேட்டுறாதீங்க, சத்தியமாத் தர மாட்டேன்.