தாண்ட வேண்டிய வேகம்

துணி துவைக்கும் மெஷினை விற்கும்போது கடைக்காரர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், ஐயா. தரை மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் துணியைப் பிழியச் சுற்றும்போது மெஷின் நடக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டு மெஷின் ஒருநாள் குளியலறை வாசல்வரை வந்துவிட்டது. "வந்து பாருங்க, உங்க ஆளு வெளிய கெளம்பிட்டாரு" என்று என் மனைவி கூப்பிட்டாள். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும்போது ஆடாது. வேகம் ஏற ஏற, ஓர் இடத்தில் தடதடவென்று ஆடும். அதைத் தாண்டிவிட்டால் அடங்கிவிடும். சுற்றுகிற எதற்கும் அப்படி ஒரு பொல்லாத வேகம் உண்டு. அதில் தங்கக் கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். இது புரிந்தால் நான் செய்ததும் உங்களுக்குப் புரியும்.

தொழிற்சாலையில் என் வேலை அதிர்வு பார்ப்பது. ஒவ்வொரு மெஷினாகப் போய் பேரிங்கின் மேல் கருவியை வைத்து, எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொண்டு வருவேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆலையில் உதவியாளாக இருந்தபோது ஒரு மெஷினின் ஷாஃப்ட், அதாவது சுற்றுகிற இரும்புத் தண்டு, உடைந்தது. துண்டு ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது குழாய் திறந்தபடி இருந்தது. அதை மூடினேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பயம். பஸ்ஸில் போனால் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்ப்பேன். "என் தோள்ல என்ன ரீடிங் எடுக்குறீங்க?" என்று மனைவி கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் என் கை அங்கேயும் எதையோ தேடிக்கொண்டிருந்தது உண்மை.

எங்கள் கொதிகலனிலிருந்து புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி உண்டு. சக்கரம் ஆள் உயரத்துக்கு மேல். ஓடும் வேகம் நிமிஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று. பொல்லாத வேகம் ஆயிரத்து நானூற்று எண்பது. பேரிங்குகளுக்கு அடியில் ஆட்டத்தை அடக்க இரண்டு எண்ணெய் உருளைகள் இருக்கும். ஆபீஸ் கதவு படாரென்று அறையாமல் மெதுவாக மூட மேலே ஒன்று மாட்டியிருப்பார்களே, அதே சங்கதிதான்.

அது நின்றிருக்கும்போது மரச் சுத்தியலால் ஷாஃப்டை ஒரு தட்டுத் தட்டுவேன். கோயில் மணி மாதிரி அது தன்பாட்டுக்கு ஆடி, ஆட்டம் ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சிறிதாகி, அடங்கும். எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்பதுதான் மெஷினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும். புதிதாக வந்தபோது பதினொன்று. போன வருஷம் பதினான்கு. அப்புறம் பதினேழு. ஆட்டத்தைக் குடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. விசிறி இருக்கும் கூடத்தின் வழியாகத்தான் ஷிஃப்ட் மாறும்போது அறுபது பேர் நடப்பார்கள்.

மூன்று தடவை விசிறியை நிறுத்தச் சொன்னேன். மூன்று தடவையும் நிறுத்தினார்கள். முதல் தடவை மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டாவது தடவை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை கொதிகலனே ஆறிப்போகும் அளவுக்கு நிறுத்திவைத்துத் திறந்து பார்த்தார்கள். சக்கரத்தின் இடுக்கில் யாரோ தொலைத்த பழைய கையுறை ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

மறுநாள் அந்தக் கையுறை என் அறைக் கதவின் கைப்பிடியில் தொங்கியது. ஏற்கெனவே எனக்கு 'நடுக்கம்' என்று பட்டப்பெயர் உண்டு. "நடுக்கம் வர்றாரு, எல்லாத்தையும் கெட்டியா புடிச்சுக்கோங்க" என்பார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே நீங்க எழுதிக் குடுத்தா போதும். நிறுத்தணுமா வேண்டாமான்னு நாங்க பாத்துக்கறோம்."

விசிறியை ஓட்டுகிற ஆபரேட்டர் என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த வாரம் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், என் மகளின் எதிரிலேயே கையுறைக் கதையைச் சொன்னார். தன் கையையே சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஆட்டிக் காட்டினார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வருஷாந்தரப் பராமரிப்பு வந்தது. அடித்தளத்து போல்ட்டுகளை இறுக்கினார்கள். எண்ணெய் உருளைகளின் பழைய வளையங்களை மாற்றினார்கள். முடிந்தபின் நான் சுத்தியலால் தட்டினேன். பதினொன்றில் அடங்கியது. நம்பாமல் திரும்பத் திரும்பத் தட்டினேன். பதினொன்றுதான்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது எல்லோரும் அந்த விசிறியை நம்பிவிடுவார்கள். அதன் பக்கத்தில் நின்று கதை பேசுவார்கள். வேறொரு நாள், வேறொரு காரணத்தால் அது உடையும். அப்போது என் பேச்சைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அதைவிட, கூடம் காலியாக இருக்கும் நேரத்தில், நான் சொல்கிற நேரத்தில் உடைந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, எல்லோருக்கும் புத்தி வரும் என்று தோன்றியது. யோசித்துப் பாருங்கள், ஐயா. அறுபது பேர்.

மறுபடி ஓட்டத் தொடங்கும் நாள் காலையில் சில வேலைகளைச் செய்தேன். உருளைகள் இரண்டிலும் இருந்த எண்ணெயை வடித்துவிட்டேன். எடை சமமாக இருப்பதற்காகச் சக்கரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு பொருத்தியிருப்பார்கள். அதைக் கழற்றி எதிர்ப்பக்கத்தில் மாட்டினேன். ஆட்டம் அளவு மீறினால் மெஷின் தானாகவே நின்றுவிடும் ஏற்பாட்டை என் கடவுச்சொல்லைப் போட்டு அணைத்தேன். அவசரத்துக்கு நிறுத்த விசிறியின் பக்கத்துத் தூணில் இருக்கும் சிவப்பு பட்டனின் கம்பியையும் எடுத்துவிட்டேன். யாராவது பயந்துபோய் அதை அழுத்தி, வேலையைப் பாதியில் கெடுத்துவிடக் கூடாது. பிறகு கூடத்தின் பெரிய வாசலில் கயிறு கட்டி, உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கறார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. கட்டுப்பாட்டு அறையில் நானும் மச்சானும் மட்டும் இருந்தோம்.

"நீங்க போய் சாப்பிடுங்க மச்சான். ஸ்பீடு ஏத்தறத நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவியா? மறுபடியும் கையுறைன்னு நிறுத்திடாத" என்று என் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்.

விசிறியை ஓட விட்டேன். ஆயிரம் சுற்று. ஆயிரத்து இருநூறு. திரையில் கோடு தடிக்க ஆரம்பித்தது. ஆயிரத்து நானூற்று எண்பதில் வேகத்தை நிறுத்திப் பிடித்தேன். அங்கே தங்கினால் ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்தை ஒரு தள்ளுத் தள்ளும். அடக்க எண்ணெய் இல்லை. கோடு அகலமாகிக்கொண்டே போனது. மேஜையில் கிடந்த பேனா தானாக உருண்டு கீழே விழுந்தது. என் முழங்கால் நடுங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

அப்போது வாக்கி டாக்கியில் மச்சானின் குரல் வந்தது. சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் சத்தம் கேட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூடத்துக்குள் போய்விட்டிருந்தார். அந்தக் கதவில் நான் கயிறு கட்டவில்லை. அதை யாரும் திறப்பதில்லை.

"மாப்ளே, ஆடுது. தரையே ஆடுது. நீ சொன்னது சரிதான்டா. நிறுத்து."

திரையில் கோடு இன்னும் அகலமானது.

"மாப்ளே, கேக்குதா? இங்க பட்டன் வேலை செய்யல. மூணு தடவ அமுக்கிட்டேன். நீ அங்கேருந்து நிறுத்து."

"வெளிய வாங்க மச்சான்" என்றேன். இதை நான் சொன்னேன். பதிவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு சொன்னேனா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை.

"போல்ட்டு பறக்குது, வந்த வழியா போக முடியல. தூணுக்குப் பின்னாடி நிக்கறேன். நிறுத்துடா. கும்புடறேன், நிறுத்து."

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். சக்கரத்தின் பாதி அந்தத் தூணைத் தாண்டித்தான் கிடந்தது.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அண்ணன் உள்ள இருந்தது உங்களுக்குத் தெரியுமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"தெரியாது" என்றேன். பெற்ற குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவள். அவளிடம் வேறென்ன சொல்ல?

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. தெரியும். அவர் முதல் வார்த்தை பேசியதிலிருந்து சக்கரம் உடைந்ததுவரை எழுபது விநாடி. நிறுத்தும் பட்டன் என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இருபதாவது விநாடியில் அழுத்தியிருந்தால்கூட வேகம் குறைந்து, ஆட்டம் தணிந்து, அவர் நடந்து வெளியே வந்திருப்பார். விரலை அதன்மேல் வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன்.

கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தாயா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை, ஐயா. மச்சானுடைய குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்கக் கேட்க என் முழங்கால் நின்றுவிட்டது. கை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சமும் பயமில்லாமல் இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் பேசட்டும் என்று நினைத்தேன்.